தாளில் இதயம் நின்றது என்று இருக்கிறது, சித்தி வெயில் என்கிறார்: எது சரி?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு வயது 58. தில்லி கரோல் பாக்கில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். 2024 ஜூன் மூன்றாம் வாரம், இரண்டு நாள் அசதிக்குப் பிறகு, பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி ஒற்றையறையில், விடியற்காலை நாலு மணிக்கு உளற ஆரம்பித்தார். உடம்பு கொதித்தது. சித்தி பாராசிட்டமால் கொடுத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சேர்த்த ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. கையில் கொடுத்த தாளில் இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதியிருக்கிறது. வெயில்தான் கொன்றது என்கிறார் சித்தி. இரவில் போன உயிருக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள் உறவினர்கள். யார் சொல்வது சரி என்பது நீங்கள் கேட்டது. அந்தக் கோடையில் வெயிலுக்கு இறந்தவர்கள் இத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கையில் சித்தப்பா இருக்கிறாரா, இல்லையென்றால் அது என்ன கணக்கு என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள்.

நான் தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்ப்பவள். பொது மருத்துவம் படித்தவள். பிரேதப் பரிசோதனை செய்பவள் அல்ல. உங்கள் சித்தப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய கேஸ் ஷீட்டையும் பார்க்கவில்லை. ஆகவே அவர் எதனால் இறந்தார் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் உறவினர்கள் சொல்லும் வாதம் தவறு என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். இரவில் இறந்தார் என்பது வெயிலுக்கு எதிரான சாட்சி அல்ல. அந்த வாரத்துத் தில்லியில் அது வெயிலுக்குச் சாதகமான சாட்சி.

உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே தள்ளத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பும், வியர்க்கும். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்க வழியில்லை, வியர்வை ஆவியாவது ஒன்றுதான் மிச்சம். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் மந்தமாகிவிடும். இத்தனை நேரமும் தோலுக்கு ரத்தம் அனுப்புவதற்காக இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வியர்வையில் நீர் போய்க்கொண்டே இருப்பதால் அடிக்க வேண்டிய ரத்தமோ குறைகிறது. இளைஞர் இதைப் பல மணி நேரம் தாங்குவார். 58 வயதில், சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவரின் இதயத்துக்கு இரவில் ஓய்வு கிடைத்தாக வேண்டும். 2024 ஜூன் 19 காலை தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. அது திறந்தவெளியில், நிழலில் வைத்த கருவியின் அளவு. பர்சாத்தியின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் சூடு தணியாத தோசைக்கல் போல, விடிய விடிய அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அதற்கு முன் பகல் முழுக்க அவர் நின்றது மெஸ் அடுப்பின் முன்னால். வெயிலில் அவர் நிற்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். சூட்டை விட்டு அவர் ஒரு மணி நேரமாவது விலகி இருந்தாரா என்றுதான் கேட்க வேண்டும்.

சூடு ஆளைக் கொல்லும் வழிகள் இரண்டு. ஒன்று நேரடியானது: ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறும் நிலை. உளறல், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். அதைத் தாண்டினால் ரத்தம் உறையும் முறை கெட்டு, கல்லீரலும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கும். வெயிலில் மூட்டை தூக்குபவருக்கு இது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே வரும். வீட்டுக்குள் இருக்கும் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இரண்டு மூன்று நாட்களில் மெல்ல ஏறும். நீங்கள் சொல்லும் இரண்டு நாள் அசதி, கொதிக்கும் உடம்பு, உளறல் மூன்றும் இந்த மெல்ல ஏறும் வகையோடு நன்றாகவே பொருந்துகின்றன. இன்னொரு வழி மறைமுகமானது. உள்வெப்பநிலை 40-ஐத் தொடாமலே, நீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே பலவீனமான இதயம் நின்றுவிடும். அல்லது பக்கவாதம் வரும், சிறுநீரகம் நிற்கும். வெப்ப அலை நாட்களில் ஹீட் ஸ்ட்ரோக்கில் இறப்பவர்களைவிட இப்படி இறப்பவர்களே அதிகம். இவர்களுடைய தாளில் மாரடைப்பு என்று எழுதியிருந்தால் அது பொய்யல்ல. பாதி உண்மை.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். சில, இதயம் வேகமாக அடிப்பதைத் தடுக்கும். நெடுநாள் சர்க்கரை வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகளைக் கெடுக்கும். மனநோய்க்கான பல மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், அது வெயிலைவிட ஆபத்து. ஏப்ரல் மாதமே மருத்துவரிடம் போய், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

இனி இதற்கு நேர்மாறான வாய்ப்புகள். உடம்பு கொதிப்பதும் உளறுவதும் மூளைக்காய்ச்சலிலும் வரும், மலேரியாவிலும் வரும், சர்க்கரை நோயாளிக்கு ஏதோ ஒரு தொற்று ரத்தத்தில் பரவினாலும் வரும். அந்த விடியற்காலையில் அவருக்கு எது இருந்தது என்று பிரித்துச் சொல்ல முதலில் வேண்டியது ஒரே ஓர் எண்: வந்தவுடன் ஆசனவாய் வழியாக எடுத்த உள்வெப்பநிலை. கக்கத்தில் வைத்து எடுத்தது போதாது, குறைவாகக் காட்டும். கேஸ் ஷீட்டில் 40-க்கு மேல் எழுதியிருந்து, ரத்தப் பரிசோதனையில் தொற்றுக்கான அறிகுறி இல்லையென்றால், சித்தி சொல்வது ஏறக்குறைய உறுதி. வெப்பநிலையே எடுக்கப்படவில்லை என்றால், வெயில் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்பதற்கு மேல் யாராலும் போக முடியாது. பிரேதப் பரிசோதனை செய்திருந்தாலும் இது தீர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு மட்டுமே உரிய அடையாளம் என்று உடலுக்குள் எதுவும் கிடைப்பதில்லை. எந்த அறை, என்ன வேலை, எத்தனை நாள், கண்டெடுத்தபோது உடல் சூடு எவ்வளவு என்ற சூழ்நிலை விவரங்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த விவரங்களை யாரும் கேட்டு எழுதாவிட்டால் அவை அன்றே தொலைந்துவிடும்.

பிறகு ஏன் அப்படி எழுதினார்கள்? மரணக் காரணத்தை எழுத மருத்துவமனைகளுக்கு ஒரு படிவம் உண்டு. மேல்வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அதற்கு இட்டுச்சென்றது, கீழ்வரியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான காரணம், அதற்கும் கீழே துணைநின்ற பிற நோய்கள். இதயமும் மூச்சும் நின்றது என்பது எந்த வரியிலும் வரக்கூடாது. இறக்கும் எல்லோருக்கும் அவை நிற்கும். அது காரணமே அல்ல. அந்தப் படிவத்தின் குறிப்புகளே இதைச் சொல்கின்றன. ஆனாலும் நாடு முழுக்க அதைத்தான் எழுதுகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்கு, வராந்தா வரைக்கும் ஸ்ட்ரெச்சர் நிற்கும்போது, முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் கை அந்த வாக்கியத்துக்குத்தான் போகும். இன்னொன்றும் உண்டு. வெயில் என்று எழுதினால் அது இயற்கைக்கு மாறான மரணமாகிவிடலாம். போலீசுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை என்று நீளும். உடலைச் சீக்கிரம் கொடுங்கள் என்று குடும்பம் கெஞ்சும். இரண்டு பக்கமும் சுலபமான சொல்லை நோக்கிச் சாய்கிறார்கள். இது என் அனுபவத்தில் நான் கண்டது, புள்ளிவிவரம் அல்ல. ஆனால் 2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை சுமார் 22.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களுக்கு இந்தத் தவறான வரிகூட இல்லை.

அரசு எண்ணிக்கை இந்தக் காகிதங்களின் மேல்தான் நிற்கிறது. 2024 மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை, ஹீட் ஸ்ட்ரோக் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 40,000-க்கு மேல், உறுதியான மரணங்கள் 110 என்று சுகாதார அமைச்சகத்தின் கணக்கு வந்தது. இது நாடு முழுமைக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போலீஸ் பதிவுகளிலிருந்து தனியாக எண்ணுகிறது; 2022-க்கு அது சொன்னது 730. இரண்டும் வேறு வேறு வாசல்களில் நின்று எண்ணுபவை. உங்கள் சித்தப்பா இந்த இரண்டு வாசல் வழியாகவும் போகவில்லை. ஆகவே இரண்டிலும் அவர் இல்லை என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

வேறொரு முறை இருக்கிறது, நான் நம்புவது அதைத்தான். காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், அந்த நாட்களில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், வழக்கமாக அதே நாட்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று எண்ணிக் கழிப்பது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள் என்று பிறகு கணக்கிட்டார்கள். அந்த அதிர்ச்சியில்தான் 2013-இல் அந்த நகரம் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. சிகாகோவில் 1995 ஜூலையில் இதே முறையில் கிடைத்த எண் 739. ஐரோப்பாவில் 2003 கோடையில் சுமார் 70,000. தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களின் 2008 முதல் 2019 வரையான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வந்த ஆய்வு, அந்தந்த ஊருக்கு மிகக் கடுமையான வெப்பம் தொடர்ந்து இரண்டு நாள் நீடித்தாலே தினசரி இறப்பு சுமார் 15 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. ஐந்து நாள் நீடித்தால் சுமார் 33 விழுக்காடு கூடுகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எத்தனை பேர் என்று அது சொல்லும். யார் யார் என்று சொல்லாது. அந்த 1,344 பேரின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடையாது. எப்படியும் சில வாரங்களில் இறந்திருக்கக்கூடிய நோயாளிகள் கொஞ்சம் முன்னதாகப் போனார்களா என்ற விவாதமும் தொடர்கிறது. 58 வயதில் அடுப்படியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை.

மிகைப்படுத்திய எண்களும் வரும், அவற்றையும் சந்தேகியுங்கள். 2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று உலகமெங்கும் செய்தி போனது. கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை பிறகு சொன்னது. அதே நாளில் சப்தர்ஜங்கில் 46.8, அதுவே போதுமான பயங்கரம். அடுத்த மாதம் ஜூன் 11 முதல் 19 வரை தில்லியில் வீடற்றவர்கள் 192 பேர் இறந்தார்கள் என்று ஒரு தொண்டு நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொருவரும் வெயிலால்தான் இறந்தார் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்பது நாளில் தெருவில் அத்தனை பேர் இறந்தார்கள் என்பதை ஒதுக்கித் தள்ளவும் என்னால் முடியவில்லை. வெப்பமானி 45 காட்டினால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் நவி மும்பை கார்கரில் திறந்தவெளி விருது விழாவில் 14 பேர் இறந்தபோதும், 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியன்று ஐந்து பேர் இறந்தபோதும் தில்லி மே மாதத்துச் சூடு அங்கே இல்லை. கடலோர ஈரம், மணிக்கணக்கான காத்திருப்பு, நெரிசல் எல்லாம் சேர்ந்தன.

நீங்கள் ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன பாராசிட்டமால் விஷயத்துக்கு வருகிறேன். சித்தி அதை நினைத்து வருந்திக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை எதையும் உயர்த்தவில்லை. சூடு வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கிறது. அதனால் மாத்திரை வேலை செய்யாது. ஆனால் அந்த ஒரு மாத்திரை அவரைக் கொல்லவும் இல்லை. உடம்பு கொதித்தால் பாராசிட்டமால் என்றுதான் நம் எல்லோர் வீட்டிலும் பழக்கம். வேறு செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதை அவரிடம் என் வார்த்தையாகவே சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது குளிரவைப்பது, அதுவும் அந்த இடத்திலேயே, ஆம்புலன்ஸ் வரும் முன்பே. சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்க வேண்டும். பெரிய தொட்டியும் ஐஸும் இருந்தால், தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துவது இன்னும் வேகமானது. 2024 மே மாதம் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதற்கென்றே தொட்டிகளோடு தனிப்பிரிவு தொடங்கினார்கள். உளறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை 39-க்குக் கீழே கொண்டுவந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆட்டோவில் போகும்போதும் ஈரத்துணியும் காற்றும் நிற்கக் கூடாது.

காகித விஷயம். உள்நோயாளிப் பதிவேடுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், உறவினர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். எழுத்தில் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, சட்டமே அதை வெளியிட அனுமதிப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது கேஸ் ஷீட்டும் மருத்துவர் எழுதிய காரணப் படிவமும். வெப்பநிலை 40-க்கு மேல் பதிவாகியிருந்தால், காரணத்தைத் திருத்தும்படி அந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுக்கலாம். சுலபமாக நடக்கும் என்று நான் நம்பிக்கை ஊட்ட மாட்டேன். நிவாரணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்தது. அது தமிழ்நாட்டில் நேரும் மரணங்களுக்கான ஏற்பாடு. சொந்த ஊர் விழுப்புரம் என்பதால் மட்டும் தில்லியில் இறந்தவருக்குப் பொருந்தாது. பணம் வராது என்றாலும் மனுவைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். 2024 மே கடைசியில் கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை சம்பளத்தோடு ஓய்வு தரும்படி தில்லித் துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். மெஸ் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அது வரவில்லை. அவர்கள் சாவது எந்தக் கணக்கிலும் ஏறாதவரை அவர்களுக்கென்று ஓர் உத்தரவு வருவது கஷ்டம்.

சித்தி இன்னும் அதே பர்சாத்தியில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. வீட்டுக்காரரிடம் பேசி, ஏப்ரலுக்குள் தளத்தின் மேல் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, அறையின் சூடு சில டிகிரி இறங்கும். கூலர் வாங்கினால் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்ட வேண்டும். மே மாதத்தில் வடக்கே வீசும் லூ என்ற வறண்ட அனல்காற்றில் அது நன்றாக வேலை செய்யும், ஜூலையில் ஈரம் ஏறியதும் பயன் தராது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் உதவாது, சூடான காற்றைத்தான் மேலே அடிக்கும். உடம்பையும் துணியையும் ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் சூடு 30-க்குக் கீழே இறங்காத நாட்களில் அவர் கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீட்டில் படுக்க இப்போதே பேசி வையுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடிக்கும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அந்த நாட்களில் காலையிலும் இரவிலும் போன் செய்யுங்கள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் கீழ்வீட்டுக்காரரை உடனே மேலே அனுப்பித் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, 102-க்கோ 112-க்கோ அழையுங்கள்.